நாற்பத்து மூன்று முறிவுகளும் ஒரு கையெழுத்தும்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் அண்ணி எழுதுகிறேன். இங்கே நான் நலம். அங்கே நீங்களும், உங்கள் மனைவியும், அவருடைய முழங்காலும் நலம் என்று நம்புகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். நான் வீடு வீடாகப் போய் உடைந்த சாமான் பிச்சை எடுப்பதாக நம் உறவுக்காரர்கள் நடுவே ஒரு பேச்சு உலவுகிறது. அது எந்த வாயிலிருந்து புறப்பட்டது என்று எனக்குத் தெரியும். அந்த வாய்க்குச் சொந்தக்காரரின் முழங்காலை மேலே நலம் விசாரித்துவிட்டதால் அதைப் பற்றி அதற்கு மேல் சொல்லப்போவதில்லை. நான் பிச்சை எடுக்கவில்லை. கேட்டு வாங்கினேன். வீடு வீடாகவும் இல்லை. மொத்தம் நான்கு வீடுகள், இரண்டு பட்டறைகள், ஒரு பல் மருத்துவர். வாங்கிய ஒவ்வொன்றுக்கும் தேதி போட்டுக் கையெழுத்திட்டு ரசீது கொடுத்திருக்கிறேன். ரசீது கொடுத்துப் பிச்சை எடுப்பவரை நீங்கள் எங்கேயாவது பார்த்திருந்தால் எனக்குத் தெரிவியுங்கள். எனக்கு மூளை கலங்கிவிட்டது என்று இரண்டாவதாக ஒரு பேச்சும் உண்டாம். அதற்கு இந்தக் கடிதத்தின் இடது ஓரத்தைப் பாருங்கள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஒரே அகலம், அதுவும் அளவுகோல் வைக்காமல். கான்வென்டில் எங்களுக்குக் கையெழுத்து சொல்லிக்கொடுத்த சிஸ்டர், ஓரம் கோணினால் மனம் கோணியிருக்கிறது என்பார்கள். என் ஓரம் கோணவில்லை.

இனி விஷயம். உங்கள் அண்ணன் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்த கல்லூரியில், அவருடைய பொருளறிவியல் பொறியியல் துறையில், மாணவர் மன்றத்துக்கு அவர் பெயரில் ஒரு நிதி வைக்க விரும்புகிறேன். பணம் நான் தொடாமல் வைத்திருக்கும் அவருடைய ஓய்வுக்காலப் பணம். அலுவலகத்தில் கொடுத்த படிவத்தில் ஒன்பதாவது வரிக்கு நேரே எழுத்தர் ஒரு குறி போட்டிருந்தார்: 'மறைந்தவரின் இரத்த உறவினர் ஒருவரிடமிருந்து ஆட்சேபணை இல்லை என்று கடிதம்.' எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இரத்த உறவு என்று மிஞ்சியிருப்பது நீங்கள் ஒருவர்தான். நான்கு முறை தொலைபேசியில் கேட்டேன். நான்கு முறையும் "பார்க்கலாம் அண்ணி" என்றீர்கள். "என்னத்தைப் பார்க்கறது?" என்று கேட்டதற்கு "அதான் அண்ணி, பார்க்கலாம்" என்றீர்கள். இந்த மாதக் கடைசிக்குள் கடிதம் சேராவிட்டால் நிதி அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போய்விடும். எனக்கு எழுபத்தொரு வயது. அடுத்த வருடம் என்பது உங்களுக்கு ஒரு காலண்டர். எனக்கு அது ஓர் அனுமானம்.

அண்ணி திடீரென்று இரும்புக் கல்லூரிக்குப் பணம் கொடுப்பானேன் என்று நீங்கள் யோசிப்பது புரிகிறது. நடந்ததை வரிசையாகச் சொன்னால் யோசனை தீரும். சில இடங்களில் எனக்குப் பெருமை சேர்க்காது. ஆனாலும் சொல்கிறேன்.

உங்கள் அண்ணன் முறிந்த பொருள்களைப் படிக்கிறவர் என்பது உங்களுக்குத் தெரியும். ஆலையில் ஒரு தண்டு முறிந்தாலும், லாரியில் ஸ்பிரிங் போனாலும், துண்டுகளைத் துணியில் சுற்றி அவரிடம் கொண்டுவருவார்கள். அவர் முறிந்த முகத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, விரிசல் எங்கே தொடங்கியது, எத்தனை நாளாக உள்ளுக்குள் வளர்ந்தது, செய்தவன் தவறா ஓட்டியவன் தவறா என்று சொல்லிவிடுவார். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'உடைசல் சார்'. அது அவருக்குத் தெரியும், பிடித்தும் இருந்தது. பாடத்துக்கு உதவும் நல்ல மாதிரிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து பின் அறை அலமாரியில் வைத்துக்கொள்வார். ஓய்வு பெறும்போது நாற்பத்து மூன்று ஜோடித் துண்டுகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் எண் எழுதிய அட்டை. தூசு தட்டப் போனால் "தொடாதே" என்பார். ஏன் என்று சொல்லமாட்டார். நானும் கேட்டதில்லை. கேட்டால் எனக்கு அதில் அக்கறை இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். மற்ற பெண்களின் கணவர்கள் வெளியே போனால் பூவோ புடவையோ கொண்டுவருகிறார்கள், எனக்கு வந்து சேர்ந்ததெல்லாம் பல் போன கியர்.

சாப்பிட உட்கார்ந்ததும், "இன்னிக்கு ஒரு ஸ்பிரிங் வந்துச்சு பாரு…" என்று ஆரம்பிப்பார். நான் "மேஜையில இரும்பு வேண்டாம்" என்பேன். நிறுத்திவிடுவார். நாற்பத்தாறு வருடம் அவர் ஆரம்பித்தார், நான் நிறுத்தினேன். இதைச் சண்டை என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் வீட்டில் அது ஒரு வழக்கம், அவ்வளவுதான்.

அவர் போய் ஒன்றரை வருடம் கழித்து மாணவர் மன்றத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. சாருடைய மாதிரிகளைத் துறைக்குத் தர முடியுமா, மன்றத்துக்கு ஏதேனும் உதவ முடியுமா என்று. நல்ல எண்ணம், ஆனால் பதினொரு பிழைகள். சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பினேன். இரண்டாவது கடிதத்தில் நான்கு பிழைகள், திருப்பினேன். மூன்றாவதில் பிழையே இல்லை, கையெழுத்தும் இல்லை, அதையும் திருப்பினேன். நான்காவது கடிதத்துக்குப் பதிலாக வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கடைசி வருட மாணவி, மன்றத்தின் செயலாளர்.

"மேடம், இன்னொரு தடவை திருப்பி அனுப்பினீங்கன்னா ஸ்டாம்புக்கே எங்க பணம் தீர்ந்துடும். அதான் நேர்லயே வந்துட்டேன்."

"மன்றத்துல எவ்வளவு பணம் இருக்கு?"

"ஸ்டாம்பு வாங்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா மேடம்?"

எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது. காட்டிக்கொள்ளவில்லை. மாதிரிகளைத் தருகிறேன், மூன்று வாரம் அவகாசம் வேண்டும் என்றேன். "எதுக்கு மேடம் மூணு வாரம்? ஒரு ஆட்டோ கொண்டு வந்தா அரை மணி நேரத்துல எடுத்துட்டுப் போயிடுவோம்" என்றாள். என் வீட்டிலிருந்து வெளியே போகும் பொருள் எப்படிப் போக வேண்டும் என்பது எனக்குத் தெரியும் என்று சொல்லி அனுப்பினேன்.

தம்பி, அந்த மூன்று வாரத்தில் நான் செய்ததை நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். நாற்பத்து மூன்று உடைசல்களையும் துருவோடும் அழுக்கோடும் ஒரு கல்லூரிக்கு அனுப்புவது உங்கள் அண்ணனுக்கு மரியாதையா? யோசித்துப் பாருங்கள். ஒவ்வொன்றாக எடுத்தேன். கம்பி நாரால் தேய்த்தேன். போகாத இடத்தில் உலோக பாலிஷ் போட்டேன். உள்மூலைகளுக்கு அவருடைய பழைய பல் துலக்கும் பிரஷ்ஷையே பயன்படுத்தினேன், அது அவருக்குப் பொருத்தமாக இருக்கும் என்று தோன்றியது. அலமாரியில் ஒவ்வொன்றின் பக்கத்திலும் உப்புப் பொட்டலம்போல் ஏதோ இருந்தது, அவற்றைக் குப்பையில் போட்டேன். பிறகு இரண்டு டியூப் கலந்து ஒட்டும் பசை வாங்கிவந்து, அதோடு வந்த காகிதத்தை இரண்டு தடவை படித்து, துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தி ஒட்டினேன். நாற்பத்து மூன்றையும். ஒட்டின இடத்தில் விரலை ஓட்டினால் நகம் தடுக்காது, அப்படி ஒட்டினேன். கடைசியில் ஃபிளானல் துணியில் சுற்றிப் பெட்டிகளில் அடுக்கினேன். அந்த இருபத்தொரு நாளும் அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது என்று இப்போது எழுதலாம். அப்போது யாரிடமும் சொல்லவில்லை. வேலை மும்முரமாக இருந்தது.

துறையில் வரவேற்பு ஏற்பாடு செய்திருந்தார்கள். மேஜைமேல் துணி, மைக், முப்பது மாணவர்கள். துறைத் தலைவர் உங்கள் அண்ணனிடம் படித்தவர், என்னைக் கண்டால் இன்றைக்கும் எழுந்து நிற்பவர். அவரே முதல் பெட்டியைத் திறந்தார். லாரி அச்சு. கையில் எடுத்தார், திருப்பினார், மறுபடியும் திருப்பினார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை திருப்பினார்.

"மேடம்… இது ரொம்ப… முழுசா இருக்கு" என்றார்.

"நன்றி" என்றேன்.

செயலாளர் எட்டிப் பார்த்தாள். "இதுல உடைஞ்ச இடம் எது மேடம்?"

"கண்டுபிடிக்க முடியாது. அப்படி ஒட்டியிருக்கேன்" என்றேன் நான். அதை மைக்கில் சொன்னேன், தம்பி.

பின்னால் ஒருவன் சிரித்தான். மேலும் இரண்டு பெட்டிகளைத் திறந்ததும் அவனும் நிறுத்திவிட்டான். துறைத் தலைவர் ஆய்வக உதவியாளரைக் கூப்பிட்டு எல்லாருக்கும் டீ கொண்டுவரச் சொன்னார். என்னவோ சரியில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. படித்தவர்கள் பேச்சில்லாமல் டீ சொன்னால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். செயலாளர் என்னைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போய் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தாள். எதிரே சுவரில் சாய்ந்துகொண்டு, மெதுவாகத்தான் சொன்னாள்.

"மேடம், அந்த உடைஞ்ச முகம்தான் எங்களுக்குப் புஸ்தகம். அதுல வரி வரியா இருக்கும். எங்க ஆரம்பிச்சது, எப்படிப் போச்சு எல்லாம் அதுலதான் படிப்போம். தேய்ச்சா வரி போயிடும். ரெண்டு துண்டையும் ஒரு தடவை சேர்த்துப் பொருத்திப் பார்த்தாக்கூட நசுங்கிடும். சாரோட வகுப்பு நோட்டு இன்னும் எங்ககிட்ட சுத்திக்கிட்டு இருக்கு மேடம். அதுல முதல் பக்கத்திலயே இருக்கு: 'எவ்வளவு ஆசையாக இருந்தாலும் பொருத்திப் பார்க்காதீர்கள்.'"

"முதல் பக்கத்துலயா?"

"முதல் நாள், முதல் பீரியட், மேடம்."

முப்பத்தெட்டு வருடம், வருடத்துக்கு அறுபது பிள்ளைகள், அத்தனை பேருக்கும் முதல் மணி நேரத்தில் சொன்னதை அவர் எனக்குச் சொல்லவில்லை. சொல்ல வந்திருப்பார். மேஜையில் இரும்பு வேண்டாம் என்றிருப்பேன்.

பசையைக் கரைக்கும் திரவத்தில் இரண்டு மாதிரிகளைப் போட்டுப் பார்த்தார்கள். பிரிந்தன. உள்ளே முகங்கள் கரண்டிபோலப் பளபளத்தன. நான் குப்பையில் போட்ட உப்புப் பொட்டலங்கள், துரு வராமல் ஈரம் உறிஞ்ச அவர் வைத்தவையாம். அங்கிருந்த ஆசிரியர்களும் மாணவர்களும் ஒருவரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் திருப்பிச் சொல்லியிருப்பேன், மனம் ஆறியிருக்கும்.

ஆகவே முடிவு செய்தேன். நாற்பத்து மூன்றை அழித்தவள் நாற்பத்து மூன்றைத் திருப்பித் தர வேண்டும். இதுதான் நீங்கள் கேள்விப்பட்ட 'பிச்சை'யின் பூர்வகதை. முதலில் பக்கத்து வீட்டு அம்மாவிடம் போய், "உங்க வீட்டுல ஏதாவது முறிஞ்சிருக்கா?" என்றேன். அவர் தன் மகன் குடும்பத்தைப் பற்றி ஊருக்கே தெரிந்துவிட்டது என்று எண்ணி என் தோளில் சாய்ந்து அழத் தொடங்கினார். ஒரு மணி நேரம் ஆறுதல் சொல்லி, கடைசியில் ஒரு மிக்ஸித் தண்டோடு வந்தேன். மோட்டார் பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் காரின் அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டினார்.

"உடைஞ்ச சாமானா? முழுசா இருக்கறதுதாம்மா இங்க கிடைக்காது."

கிளட்ச் ஸ்பிரிங் ஒன்றைக் கொடுத்தார். இரண்டு துண்டுகளையும் ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனியாகச் சுற்றித் தரும்படி கேட்டேன்.

"ஏம்மா, சேர்த்து வெச்சா சண்டை போட்டுக்குமா?"

"சேர்த்து வைக்கக் கூடாது, அவ்வளவுதான். முதல் பீரியட் பாடம்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையைப் பற்றித்தான் நம் குடும்பத்தில் பேச்சு போலிருக்கிறது. பல் மருத்துவர் முறிந்த துளையூசி ஒன்று தந்தார், கூடவே என் கடைவாய்ப் பல் இரண்டையும் எடுத்துவிடச் சொன்னார். ஊசிக்கு மட்டும் ரசீது கொடுத்தேன்.

புதன்கிழமை நான்கு மணிக்கு மன்றம் ஆய்வகத்தில் கூடும். கிடைத்ததை எடுத்துக்கொண்டு நான் போவேன். சன்னலோரம் ஒரு முக்காலி, அதுதான் என் இடம். அவர்கள் மாதிரியை விளக்கின்கீழ் வைத்துச் சுற்றி நின்று சண்டை போடுவார்கள். ஒரு புதன்கிழமை, அந்த கிளட்ச் ஸ்பிரிங்கைச் செயலாளர் என் கண்ணுக்கு நேரே சாய்த்துப் பிடித்துக் காட்டினாள். கடற்கரை மணலில் அலை விட்டுப்போன கோடுகள்போல, வளைவு வளைவாக, ஒன்றையடுத்து ஒன்று.

"இங்க பாருங்க மேடம், ஓரத்துல ஒரு சின்னக் கீறல். கண்ணுக்கே தெரியாது. அங்கிருந்துதான் ஆரம்பம். ஒவ்வொரு தடவை பாரம் ஏறி இறங்கும்போதும் துளித்துளியா உள்ள போகும். ஓடறவரைக்கும் ஓடிக்கிட்டேதான் இருக்கும், யாருக்கும் தெரியாது. கடைசியில மிச்சம் இருக்கற கொஞ்ச இடம் தாங்காம பட்னு போயிடும். பார்க்கறவங்க அன்னிக்குத்தான் உடைஞ்சதுன்னு நினைப்பாங்க."

தம்பி, "இன்னிக்கு ஒரு ஸ்பிரிங் வந்துச்சு பாரு" என்ற வாக்கியத்தின் மீதிப் பாதி அதுதான். நான் அதுவரை கேட்டதே இல்லை. ஒரு வாக்கியம் முடிவதற்கு ஏறக்குறைய நாற்பத்தெட்டு வருடம் ஆகியிருக்கிறது. "இன்னொரு தடவை சொல்லு" என்றேன். வயதானவர்களுக்குக் காது மந்தம் என்று நினைத்து இன்னும் உரக்கச் சொன்னாள். என் காது நன்றாகத்தான் இருக்கிறது.

இனி வருவது பெருமை சேர்க்காத இரண்டாவது பகுதி. போன மாதம் ஒரு புதன்கிழமை என் கையில் எதுவும் இல்லை. நான்கு வீட்டிலும் உடையக்கூடியதெல்லாம் உடைந்துவிட்டது. மெக்கானிக் கடைக்கு விடுமுறை. காலையிலிருந்து வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். எல்லாம் நல்ல நிலையில் இருந்தது. எதையும் ஒழுங்காக வைத்துக்கொள்கிற வீட்டில் இதுதான் தொல்லை. இரண்டு மணிக்கு, பரிமாறுகிற எஃகுக் கரண்டியின் காம்பைச் சமையலறைக் கதவிடுக்கில் கொடுத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைத்தேன். முறிந்தது. துண்டுகளைத் தனித்தனியாகச் சுற்றிக்கொண்டு சரியாக நான்கு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

செயலாளர் விளக்கைக் கிட்டே இழுத்துப் பார்த்தாள். பொருளாளரும் பார்த்தான். நெட்டையான பையன், 'ஒட்டகம்' என்று கூப்பிடுவார்கள்.

"எப்படி உடைஞ்சது மேடம்?"

"பரிமாறும்போது."

"என்ன பரிமாறினீங்க மேடம், சிமென்டா?" என்றான் ஒட்டகம். செயலாளர் முழங்கையால் அவனை இடித்தாள். பிறகு இன்னும் குனிந்து பார்த்துவிட்டு, என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"இது தானா உடையல மேடம். யாரோ ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி வளைச்சிருக்காங்க. ஒரு பதினஞ்சு இருபது தடவை இருக்கும். இங்க எதுலயோ வெச்சு நெருக்கின தடம் இருக்கு. பெயின்ட் ஒட்டியிருக்கு. பச்சை."

என் சமையலறைக் கதவின் நிறம் பச்சை என்பது அவளுக்குத் தெரியும். அந்தக் கதவோரம் உட்கார்ந்து இரண்டு தடவை டீ குடித்திருக்கிறாள். ஆய்வகத்தில் எட்டுப் பேர் இருந்தார்கள். அறுபது வருடத்துக்கு முன் கான்வென்டில்கூட நான் பொய் சொல்லி மாட்டிக்கொண்டதில்லை.

"பத்தொன்பது" என்றேன்.

"என்ன மேடம்?"

"பதினஞ்சு இருபதுன்னு குத்துமதிப்பா எழுதக் கூடாது. பத்தொன்பது தடவை."

அவள் நோட்டில் பத்தொன்பது என்று எழுதினாள். எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல், "மேடம், புதன்கிழமை வர்றதுக்கு எதுவும் கொண்டு வரணும்னு இல்ல. சும்மாவே வாங்க" என்றாள்.

நான் எங்கேயும் சும்மா போய்ப் பழக்கப்பட்டவள் அல்ல என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கே அலுவலகத்துக்குப் போய்ப் படிவம் வாங்கினேன்.

ஆகவே இந்த நிதி, தனிமையில் இருக்கும் கிழவி ஒருத்தி பேச்சுத்துணைக்காகக் கொடுக்கும் பணம் என்று நீங்கள் நினைத்தால் அது தவறு. இது கல்விக்காக. அதன் வட்டியில் வருடம்தோறும் என்ன நடக்கும் என்றும் எழுதிக் கொடுத்துவிட்டேன். பிள்ளைகள் பட்டறைகளுக்கும் ஆலைகளுக்கும் போய் முறிந்த பொருள்களைச் சேகரிக்க வண்டிச் செலவு. பெரிய மைக்ராஸ்கோப்பை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்க வேண்டியிருக்கிறது, அதற்கு. வேறு கல்லூரிகளில் நடக்கும் போட்டிக்கு வருடம் மூன்று பேரை அனுப்ப. இந்த வருடம் ரயில் செலவுக்கு வழியில்லாமல் செயலாளர் போகவில்லை, அவள் போயிருந்தால் பரிசு இங்கே வந்திருக்கும், எழுதிவைத்துக்கொள்ளுங்கள். சிறந்த ஆய்வறிக்கைக்கு ஒரு பரிசு, அறிக்கை முழு வாக்கியங்களில் இருக்க வேண்டும் என்பது என் நிபந்தனை. ஒட்டகம் இதைக் கேட்டு, "அப்போ பரிசு யாருக்கும் கிடைக்காது, பணம் மிச்சம்" என்றான்.

"பணத்தை வைத்துக்கொள்ளுங்கள் அண்ணி, நாளைக்கு உடம்புக்கு ஒன்று என்றால் வேண்டும்" என்று மூன்றாவது முறை தொலைபேசியில் பேசும்போது சொன்னீர்கள். உடம்புக்கு வேறு பணம் இருக்கிறது. "பசங்க ரெண்டு வருஷத்துல மறந்துடுவாங்க" என்றும் சொன்னீர்கள். மறக்கட்டும். உங்கள் அண்ணனையும் அவர்கள் யாரும் பார்த்ததில்லை, ஆனால் அவருடைய நோட்டின் முதல் பக்கத்தை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். அவ்வளவு போதும் எனக்கு. இதுவரை இருபத்தாறு மாதிரிகள் சேர்ந்திருக்கின்றன. மீதிப் பதினேழையும், அதற்குப் பிறகு வருவதையும் அந்தப் பிள்ளைகள் சேர்க்க வேண்டும், அவர் பெயர் போட்ட அலமாரியில் அட்டை கட்டி வைக்க வேண்டும். நான் அழித்த வரிகள் திரும்பி வராது. புது வரிகளாவது வரட்டும். இதற்கு ஆட்சேபணை சொல்ல உங்களிடம் என்ன இருக்கிறது என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. இருந்தால் எழுதுங்கள், இல்லையென்றால் இல்லை என்று எழுதுங்கள். இரண்டு வரி போதும். 'பார்க்கலாம்' என்பது இரண்டிலும் சேராது.

உங்கள் வீட்டில் எல்லாரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு, நீண்ட காலம் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். பேத்திக்கு என் ஆசிகள். உங்கள் மனைவிக்கு என் அன்பு. இதை நான் மனதாரத்தான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணி

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு கல்லூரி எழுத்தர் வீட்டுக்கு வந்தார். ஒன்பதாவது வரி மனைவி உயிரோடு இல்லாதவர்களுக்கு மட்டும்தானாம், தவறுதலாகக் குறி போட்டுவிட்டாராம், மன்னிக்க வேண்டுமாம். என் கையெழுத்து மட்டும் போதும். அங்கேயே போட்டுக் கொடுத்துவிட்டேன். ஆக, உங்களுக்கு ஆட்சேபணை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிதி இந்த மாதமே தொடங்கிவிடும். மேலே இத்தனை பக்கம் எழுதியது தேவையில்லாத வேலை. கிழித்துப் போட்டிருக்கலாம். பேச்சுத்துணைக்காக இல்லை என்று எழுதியதும் சரியில்லை. புதன்கிழமைக்காக நான் வியாழக்கிழமையிலிருந்து காத்திருக்கிறேன்.

ஆனால் கிழிக்கவில்லை. காரணம் இது. நிதியோடு அவரைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு வேண்டும் என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். செயலாளர் படித்துவிட்டு, "நேரம் தவறாதவர், கடன் வாங்காதவர், சட்டையைத் தானே இஸ்திரி போடுவார்னு எல்லாம் இருக்கு மேடம். உடைஞ்சதைப் பார்க்கணும்னு அவருக்கு எப்படித் தோணுச்சு? அது இல்லையே" என்றாள். எனக்குத் தெரியவில்லை, தம்பி. வீட்டில் இருக்கும் காகிதமெல்லாம் தேடிவிட்டேன். எனக்கு அவர் வந்து சேரும்போது அவருக்கு வயது இருபத்தாறு. அதற்கு முந்திய வருடங்கள் முழுவதும் உங்களிடம்தான் இருக்கின்றன. ஒரே அறையில் படுத்து எழுந்தவர் நீங்கள். சின்ன வயதில் அவர் எதை எடுத்து அப்படிப் பார்த்தார், உங்களிடம் என்ன சொன்னார், நீங்கள் என்ன சொன்னீர்கள், ஞாபகம் இருப்பதையெல்லாம் எழுதுங்கள். தொலைபேசி வேண்டாம். தொலைபேசியில் நீங்கள் ஆரம்பித்ததும் நான் நடுவில் ஏதாவது பேசி நிறுத்திவிடுவேன்.

தயவுசெய்து எழுத்தில் பதில் போடுங்கள்.